காட்டில் காணாமல் போனவராக ஒரு நாள்

காடு, மலைப் பகுதிகளில் வழிதவறியவர்களைத் தேடும் மீட்புக் குழுக்கள், பயிற்சியின்போது ‘காணாமல் போனவராக’ இருக்கத் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள். முன் அனுபவம் இல்லாதவர் போகலாமா, அங்கே என்ன செய்யச் சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். நானும் அப்படிப் போகிறவன்தான். உண்மையில் புதியவர்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். தேடிப் பழகியவரை ஒளியச் சொன்னால், தேடுபவர் எங்கே பார்ப்பார் என்று கணக்குப் போட்டே ஒளிவார். நிஜத்தில் தொலைந்தவர் யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

முதலில் நீங்கள் யார் என்று சொல்வார்கள். ஞாபக மறதி உள்ள முதியவர், கால் முறிந்த மலையேறி, எட்டு வயதுக் குழந்தை, இப்படி ஏதாவது ஒன்று. எல்லாரும் ஒரே மாதிரி தொலைவதில்லை என்பதால்தான் இது. மறதி நோய் உள்ளவர்கள் கூப்பிட்ட குரலுக்குப் பெரும்பாலும் பதில் தருவதில்லை. புதரில் சிக்கி நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள். தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்களே என்று பயந்து ஒளிந்துகொள்ளும் குழந்தைகளும் உண்டு. அந்த வேடம் கிடைத்தால், உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் வாய் திறக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? இருட்டிய பிறகு, குளிரில் படுத்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

ஒருமுறை பாறைக்குப் பின்னால் படுத்திருந்தேன். தேடி வந்த பெண் என் காலுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவருடைய பூட்ஸில் அப்பியிருந்த செம்மண் எனக்குத் தெரிகிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. டார்ச்சை முன்னால் இருந்த சரிவில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சில எட்டுக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். வரும் திசையிலிருந்து பார்த்தால் பாறை மறைத்துவிடும். தாண்டிப் போய்த் திரும்பினால் ஆள் கண்ணில் படுவார்.

நடிப்பதோடு உங்கள் வேலை முடிவதில்லை. எத்தனை மணிக்கு விசில் கேட்டது, எந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது, எவ்வளவு பக்கத்தில் தாண்டிப் போனார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருங்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட, அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் போன்ற கணித அறிஞர்கள் ஒரு தேடல் கோட்பாட்டை உருவாக்கினார்கள். இன்று காட்டில் தேடுபவர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஓர் இடத்தை ஒருமுறை அலசிவிட்டால் அங்கே ஆள் இல்லை என்று ஆகிவிடாது. இருந்தும் கண்ணில் படாமல் போக எவ்வளவு வாய்ப்பு மீதி இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்குக்கு, ஆளைத் தாண்டிப் போனபோது என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

மோப்ப நாய்ப் பயிற்சி என்றால் எனக்குத் தனி ஆசை. காற்றில் வரும் மனித வாடையைப் பிடிக்கப் பழகிய நாயை, காற்றுக்குக் குறுக்காக நடத்திக்கொண்டு போவார்கள். சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். அதனால் மேட்டில் படுத்திருக்கும் உங்கள் வாடை பள்ளத்தில் போகும் நாய்க்குக் கிடைத்துவிடும். தலையைச் சட்டென்று திருப்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு அது மேலே ஓடி வருவதைப் பார்க்க வேண்டும்! வந்தவுடன் கொஞ்சிவிடாதீர்கள். குரைத்தோ, கூட்டிவந்தவரிடம் ஓடிப்போயோ அது தகவல் சொல்லி முடிக்க வேண்டும். அவர் சரி என்றதும் பொம்மையை வைத்து அதோடு மனசார விளையாடுங்கள். நாய்க்கு அதுதான் கூலி.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் படுத்திருக்கும் இடம் ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்காவது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கையில் வாக்கி டாக்கி வேண்டும். நிஜமாகவே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இது நடிப்பில்லை என்று தெரிவிக்க ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இவை இல்லையென்றால் காட்டுக்குள் போகவே வேண்டாம். ஆஸ்துமா, தேனீ ஒவ்வாமை போன்றவை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடப்பவருக்குப் போதுமான உடுப்பு அசையாமல் கிடப்பவருக்குப் போதாது. உடம்புச் சூட்டைத் தரை இழுத்துவிடும், ஆகவே ஃபோம் பாய் ஒன்று கட்டாயம். அப்புறம் தண்ணீர், சாப்பாடு, டார்ச், விசில்.

கண்டுபிடித்த பிறகு ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்குவார்கள். பட்டை எங்கே அழுத்துகிறது, எப்போது தலை கீழாகச் சாய்ந்தது என்று அந்த நேரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். மயங்கிக் கிடக்கும் நிஜ நோயாளியால் இதைச் சொல்ல முடியாது. எல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்று இருக்கும். களைப்பாக இருக்கிறது என்று அதற்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் நோட்டை அங்கேதான் கேட்பார்கள்.