மொன்செராட் பேய்த் தீவு இல்லை. அங்கே போய் வந்தவன் சொல்கிறேன்

கேள்வி: "கரீபியனில் மொன்செராட் என்று ஒரு பேய்த் தீவு இருக்கிறதாமே? தலைநகரத்தில் ஒரு ஆள்கூட இல்லையாமே? எல்லோரும் தீவைக் கைவிட்டு ஓடிவிட்டார்கள் என்பது உண்மையா? சுற்றிப் பார்க்கப் போகலாமா?"

நீங்கள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாம்பலில் புதைந்த வீடுகள், பின்னணியில் திகில் இசை, "உலகின் மர்மத் தலைநகரம்" என்ற தலைப்பு. அந்த வகை வீடியோக்களைத் தமிழிலேயே நாலைந்து பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட அந்த ஊர்க்காரர் ஒருவர் முகம் வரவில்லை.

முதலில் நேரடியான பதில். தலைநகரம் பிளிமத்தில் யாரும் இல்லை என்பது உண்மை. தீவில் யாரும் இல்லை என்பது பொய். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வடக்குப் பகுதியில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சட்டமன்றம், கிரிக்கெட் மைதானம் எல்லாம் உண்டு. "கைவிட்டு ஓடிவிட்டார்கள்" என்ற வார்த்தைதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

நான் எரிமலை படித்தவன் இல்லை. வரலாற்று ஆசிரியரும் இல்லை, கணக்கு வாத்தியார். பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவில் 2013 முதல் நாலு வருடம் வேலை பார்த்தேன். மொன்செராட்டில் தங்கியது மொத்தம் ஆறு நாள்தான். "ஆறு நாளில் என்ன தெரிந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு: ஆறு நாளில் தெரிந்ததை விட, அந்தத் தீவுக்காரர் ஒருவர் வீட்டில் மூன்றரை வருடம் குடியிருந்ததில் தெரிந்துகொண்டதுதான் அதிகம். அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்கு நான் குடிபோன கதையில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. சென்னையில் ஒரு ஏஜென்சி மாதம் 3,000 டாலர் சம்பளம் என்று சொல்லி என்னை அனுப்பியது. போய் இறங்கிய பிறகுதான் அது கிழக்குக் கரீபிய டாலர் என்று தெரிந்தது. 1976-லிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கரீபிய டாலர் என்றுதான் கணக்கு. அதாவது நான் நினைத்துக்கொண்டு போனதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போன் செய்து கேட்டால், "டாலர்னுதானே சார் சொன்னோம், எந்த டாலர்னு நீங்க கேட்கலையே" என்றார்கள். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் வேறு இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், எந்த நாட்டு டாலர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, தனி வீடு எடுக்கக் கட்டுப்படியாகாமல் ஆன்டிகுவாவின் தலைநகரம் செயின்ட் ஜான்ஸில் ஒரு வீட்டின் பின்கட்டு அறைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு ஜாம் பாட்டில், அதில் பாதி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தூள். விபூதி போலவே இருந்ததால் கேட்டுவிட்டேன். மூடியைத் திறந்து, "கையை நீட்டு டீச்சர்" என்று கொஞ்சம் கொட்டினார். பார்க்கத்தான் விபூதி. விரலில் வைத்துத் தேய்த்ததும் கண்ணாடித் தூள் மாதிரி நறநறவென்றது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி விறகு எரிந்து மிஞ்சுகிற சமாசாரம் இல்லை. அது பொடியாக நொறுங்கிய பாறை. கூரையில் சேர்ந்து மழையும் பட்டால் சிமெண்ட் போல இறுகிக் கனத்து, வீட்டையே உட்கார வைத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைப்பத்தோடு கூரை மேல் ஏறியதாகச் சொன்னார். "தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்று புதிதாக வந்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் காய்ந்தபடியே கூட்டித் தள்ளுவோம்" என்றார்.

அவருடைய ஊர் கின்சேல். பிளிமத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருந்த கிராமம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொன்செராட் சுமார் 16 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம் உள்ள பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் அடித்து, தீவின் பத்துக் கட்டிடங்களில் ஒன்பதைச் சேதப்படுத்தியது. எல்லாவற்றையும் எடுத்துக் கட்டி, மருத்துவமனையும் சரியாகி நிமிர்ந்த நேரத்தில், 1995 ஜூலை 18 அன்று சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்துக்கொண்டது. ஐரோப்பியர் வந்து குடியேறியதிலிருந்து அது வெடித்ததாக எழுத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. அந்த ஆகஸ்டில் பிளிமத்தை முதல் தடவை காலி செய்தார்கள். திரும்ப விட்டார்கள். டிசம்பரில் மறுபடி காலி. மறுபடி திரும்ப. 1996 ஏப்ரலில் மூன்றாவது தடவையாகக் கிளம்பியவர்கள் பிறகு அங்கே குடியிருக்கவே இல்லை.

இந்த அம்மா மூன்றாம் தடவை கிளம்பும்போது இரண்டு பைதான் எடுத்தாராம். முதல் தடவை மெத்தை, தையல் மெஷின் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து, அலுத்துப்போயிருந்தது. எப்படியும் பத்து நாளில் வந்துவிடுவோம் என்று சோற்றுப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். கவிழ்த்த இடம், ஜன்னல் ஓரம், எல்லாம் சொல்வார். 1997 ஆகஸ்டில் எரிமலையிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த நெருப்பு மேகம் இறங்கி பிளிமத்தின் பெரும்பகுதியை எரித்தது. பிறகு வந்த சேறும் சாம்பலும் மூடிவிட்டன.

அதற்கு முன்பே, அதே வருடம் ஜூன் 25 அன்று, மலையின் கிழக்குப் பக்கம் இதே போன்ற நெருப்பு மேகத்தில் 19 பேர் செத்தார்கள். தடை செய்த பகுதிக்குள் எதற்குப் போனார்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டும் விட்டேன். அன்று அந்த அம்மாவின் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வடக்கே தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருந்தவர்களுக்குக் காய்கறியும் கிழங்கும் வேண்டும். வடக்கில் விவசாயத்துக்கு நிலம் ஒதுக்கித் தரவில்லை. நல்ல மண் முழுக்கத் தெற்கிலும் கிழக்கிலும்தான் இருந்தது. வெள்ளாமையைப் பார்க்கப் போனவர்கள்தான் அதில் நிறையப் பேர். பிறகு நடந்த விசாரணையில் ஜூரிகளும், அவர்களில் சிலருடைய சாவுக்கு அரசாங்கம் நிலம் தராததும் ஒரு காரணம் என்றார்கள். "ஆபத்து தெரியாமல் போகவில்லை டீச்சர், பசி தெரிந்து போனார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எரிமலைக்கு முன்னால் தீவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வெளியேற வேண்டிவந்தது. பிரிட்டன், ஆன்டிகுவா, அமெரிக்கா என்று சிதறினார்கள். அதிக உதவி கேட்டபோது, பிரிட்டிஷ் அமைச்சர் கிளேர் ஷார்ட், அடுத்து தங்க யானை கேட்பார்கள் என்று 1997-ல் பேசியது பதிவாகியிருக்கிறது. அது நடந்து இருபது வருடம் கழித்தும் "தங்க யானை" என்று யாராவது வாயெடுத்தால் இந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அமெரிக்கா தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு 2005-ல் அதை ரத்து செய்தது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? எரிமலை இப்போதைக்கு அடங்காது, ஆகையால் இதைத் தற்காலிகம் என்று கருத முடியாது. வீடு திரும்ப முடியாது என்பதையே காரணமாகக் காட்டி வெளியே போகச் சொன்னார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்கள் முந்நூறு பேருக்குள்தான் இருக்கும். எண்ணிக்கை சிறிதென்பதால் எனக்கு மனம் ஆறவில்லை. முழு பிரிட்டிஷ் குடியுரிமைகூட 2002-ல்தான் கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள், இவர்கள் கைவிட்டு ஓடியவர்களா?

2016 மார்ச்சில் அவர் ஊருக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் நான் முன்கூட்டியே விசா வாங்கினேன். படகில் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தீவு நெருங்கும்போது வடக்குப் பக்கம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. தெற்கே மலையுச்சி மேகத்துக்குள் புகைகிறது. லிட்டில் பே துறையில் பாஸ்போர்ட்டில் ஷாம்ராக் என்கிற மூவிலைச் செடி வடிவ முத்திரை குத்துகிறார்கள், அயர்லாந்தின் சின்னம். எனக்கு முன்னால் நின்ற வீட்டுக்கார அம்மாவிடம் அதிகாரி, "எந்த ஊர் அம்மா?" என்றார். "கின்சேல்" என்றார் இவர். அந்த ஊர் காலியாகி இருபது வருடம். அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எங்கம்மாவும் கின்சேல்தான்" என்று சொல்லி, எழுந்து நின்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

தங்கியது அவருடைய அண்ணன் வீட்டில், சேலம் என்கிற ஊரில். ஆமாம், எழுதினால் நம் சேலம்தான், உச்சரிப்பு கொஞ்சம் வேறு. முதல் நாளே கரிபால்டி குன்றுக்கு ஏறினோம். அங்கிருந்து பிளிமத் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய விசிறியை விரித்துக் கடல்வரை போட்டது போல இருந்தது. அதற்குள்ளிருந்து அங்கங்கே மேல்மாடி மட்டும் எட்டிப் பார்த்தது. நான் செல்போனை எடுத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் அவரும் அண்ணனும் கையை நீட்டி, சந்தை, பேக்கரி, கல்யாணம் நடந்த தேவாலயம் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு கடை மூலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. நான் போனை உள்ளே வைத்துவிட்டேன். கின்சேல் இன்னும் தெற்கே, அங்கிருந்து கண்ணுக்கு எட்டவில்லை.

மார்ச் 17 அன்று செயின்ட் பேட்ரிக் நாள், தீவுக்கே அரசு விடுமுறை. இதைப் பற்றியும் தப்பாக எழுதுகிறார்கள், "கரீபியனில் வாழும் ஐரிஷ்காரர்கள்" என்று. 1630-களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அங்கே குடியேறியது உண்மை. ரயன், ரைலி, ஃபாரல், ஸ்வீனி என்று குடும்பப் பெயர்கள் இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். கரும்புத் தோட்ட முதலாளிகளில் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். 1768 மார்ச் 17 அன்று, முதலாளிகள் பண்டிகைக் குடியில் இருக்கும் நேரம் பார்த்து எழுவதென்று அடிமைகள் திட்டமிட்டார்கள். விஷயம் முன்பே வெளியாகி, ஒன்பது பேரைக் கொன்றார்கள். அந்த ஒன்பது பேருக்காகவும்தான் இந்த விடுமுறை, 1985-லிருந்து. கட்ஜோ ஹெட் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஓடிப்போன அடிமை கட்ஜோவின் தலையை வெட்டி மரத்தில் தொங்கவிட்ட இடம் என்று ஊரார் சொல்கிறார்கள்.

அன்று காலையிலிருந்து கோட் வாட்டர் கொதித்தது. வெள்ளாட்டுக் கறியை எலும்போடு, கிராம்பு தூக்கலாகப் போட்டு, விறகடுப்பில் மணிக்கணக்காக வேக வைக்கும் குழம்பு. நம் ஆட்டுக்கால் சூப்புக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். லண்டனிலிருந்தும் லெஸ்டரிலிருந்தும் வந்திருந்த பேரப்பிள்ளைகள், அதற்கு முன் அந்தத் தீவைப் பார்த்தே இராதவர்கள், பாத்திரத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களிடமும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், பாட்டியின் ஊரைத்தான் சொன்னார்கள். நீங்கள் பேய்த் தீவு என்றது இந்த இடத்தைத்தான்.

போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். ஆன்டிகுவாவிலிருந்து சிறிய விமானத்தில் இருபது நிமிடம்தான். பழைய விமான நிலையமும் எரிமலைக்கே போய்விட்டது. வடக்கில் 2005-ல் திறந்த புதிய ஓடுபாதை மிகக் குட்டை, சின்ன விமானம் மட்டும்தான் இறங்கும். ஆகையால் பெட்டி எடையைக் குறையுங்கள். அரசு அலுவலகங்கள் எல்லாம் பிரேட்ஸ் ஊரில் இருக்கின்றன, ஆனாலும் சட்டப்படி தலைநகரம் இன்னமும் பிளிமத்தான். பிளிமத்துக்குள் போக அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், தனியாக நுழையாதீர்கள். கடைசிப் பெரிய வெடிப்பு 2010 பிப்ரவரியில் நடந்தது. எரிமலை ஆய்வு நிலையம் இன்றும் இரவு பகலாகக் கண்காணிக்கிறது. மார்ச் 17 வாரமாக இருந்தால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள்.

வழியில் ரன்அவே காட் என்கிற ஓடையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் திரும்பத் திரும்ப மொன்செராட்டுக்கு வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. நாங்கள் கிளம்பிய அன்று அந்த அம்மா அங்கே குழாயடியில் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து, லெஸ்டரில் இருக்கும் தங்கைக்கு என்று நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினார்.