சாலிடிட்டியில் சைன் அலை உடைகிறது: பதில்

பிரவுசரில் அழகாக வளையும் சைன் அலைகள், சாலிடிட்டிக்கு (எத்தேரியம் பிளாக்செயினில் ஓடும் ஒப்பந்த நிரல்களை எழுதும் மொழி) மாற்றியதும் படிக்கட்டு மாதிரி உடைவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே தசம எண்களைக் கையாள வழியில்லை. மாறிகளில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 தான் வரும். மதிப்புகளை முதலிலேயே 10 லட்சத்தால் பெருக்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்படி இரண்டு எண்களைத் தங்களுக்குள் பெருக்கினால் உடனே அதே 10 லட்சத்தால் ஒருமுறை வகுத்துவிட வேண்டும். சைனுக்கு, மதிப்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த ஒரு சின்ன அட்டவணை போதும்.

ஆனால் இந்தப் பாடு உங்களுக்கு எதற்கு? 2019இல் வந்த ஆட்டோகிளிஃப்ஸ் என்ற கலைத் தொகுப்பு ஒப்பந்த நிரலுக்குள்ளேயே படத்தை உருவாக்கியது. வெறும் எழுத்துக்குறிகள் என்பதால் சரிப்பட்டது. ஆர்ட் பிளாக்ஸ் என்ற கலைத் தளம், படம் வரையும் ஸ்கிரிப்டை எத்தேரியத்தில் வைத்து, டோக்கனின் ஹேஷை (ஒவ்வொரு படைப்புக்கும் உரிய மாறாத குறியீட்டு எண்ணை) விதையாகக் கொடுத்து, பிரவுசரில் வரைகிறது. மென்மையான கோடுகளுக்கு அதுதான் ஒத்துவரும். அப்புறம், தற்செயல் எண் தரும் மேத்.ரேண்டத்தைத் தூக்கிவிடுங்கள். எண்கள் ஹேஷிலிருந்தே வரட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீலோடுக்கும் வேறு படம் வரும்.