டெக் கேள்வி-பதில்: பேக்கப் கணக்க எங்க வெக்கறது?

கேள்வி: சார், எங்க மில் ஆபீஸ்ல ஆரக்கிள் 19சி சாஃப்ட்வேர்ல ரெண்டு டேட்டாபேஸ் ஓடுது, ஒண்ணு சம்பளம், ஒண்ணு ஸ்டாக். ஆர்மேன்ல (RMAN, ஆரக்கிளோட பேக்கப் கருவி) ஞாயித்துக்கிழமை ஃபுல் பேக்கப், மத்த நாள் இன்கிரிமென்டல், அதாவது மாறினத மட்டும். 30 நாளைக்கு முன்னாடி வரைக்கும் ரெக்கவர் பண்ற மாதிரி வெச்சிருக்கோம். இப்ப வந்திருக்கற கன்சல்டன்ட் ரெக்கவரி கேட்டலாக், அதாவது பேக்கப் கணக்க எழுதி வெக்கற தனி இடம், போட்டே ஆகணும்ங்கறார், அதையும் அதே சர்வர்லயே போட்டுக்கலாமாம். தேவையா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அதே சர்வர்லன்னா வேண்டவே வேண்டாம், பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வெச்சு பூட்டுன கதைதான். டிஸ்க் போச்சுன்னா டேட்டாபேஸும் போகும், எந்த பேக்கப் எங்க இருக்குங்கற கணக்கும் கூடவே போகும்.

உங்களுக்கு கேட்டலாக் இல்லாமலே ஓட்டலாம். ஆர்மேன் எப்படியும் எல்லா விவரத்தையும் கண்ட்ரோல் ஃபைல்ல (டேட்டாபேஸோட அமைப்பு விவரம் இருக்கற சின்ன ஃபைல்) எழுதிட்டுதான் இருக்கும், கேட்டலாக்ங்கறது அதோட இன்னொரு காப்பி, கொஞ்சம் அதிக வசதியோட. ஆனா ஒரு இடத்துல நிறைய பேர் கோட்டை விடறாங்க. கண்ட்ரோல் ஃபைல் ரெக்கார்ட் கீப் டைம்னு ஒரு பராமீட்டர், அதாவது செட்டிங் இருக்கு, டீஃபால்ட் 7 நாள்தான். அதுக்கு மேல பழசான என்ட்ரி மேல புதுசு எழுதிடலாம். நீங்க கேக்கறதோ 30 நாள், வாரம் ஒரு ஃபுல் வேற, அப்ப தேவைப்படற ஃபுல் பேக்கப் 36, 37 நாள் பழசா கூட இருக்கும். பேக்கப் ஃபைல் டிஸ்க்ல பத்திரமா உக்காந்திருக்கும், ஆர்மேனுக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதனால 45னு மாத்துங்க. கண்ட்ரோல் ஃபைல் கொஞ்சம் பெருசாகும், பரவால்ல.

அடுத்தது, கண்ட்ரோல் ஃபைலே போச்சுன்னா? ஷோ ஆல் கமாண்ட் போட்டு கண்ட்ரோல் ஃபைல் ஆட்டோபேக்கப் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது போய் விழற இடம் வேற மெஷின்ல இருக்கணும். அப்புறம் டிபிஐடி, அதாவது ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் இருக்கற அடையாள நம்பர். எல்லாம் போய் புது சர்வர்ல நின்னுக்கிட்டு, கேட்டலாக்கும் இல்லாம கண்ட்ரோல் ஃபைல மீட்கும்போது ஆர்மேனுக்கு அந்த நம்பர் நாமதான் சொல்லணும். டீஃபால்ட் ஃபார்மேட்ல சேவ் ஆகற ஆட்டோபேக்கப் ஃபைல் பேருலயே அது இருக்கும், சி, ஒரு கோடு, டிபிஐடி, தேதி, வரிசை எண்னு. ஃபாஸ்ட் ரெக்கவரி ஏரியாவுக்குள்ள, அதாவது பேக்கப்புக்குன்னு ஆரக்கிள்ல ஒதுக்கற இடத்துக்குள்ள விழுந்தா பேரு வேற மாதிரி வரும், அதுல இருக்காது. ஆனா ஆர்மேன் டேட்டாபேஸோட கனெக்ட் ஆகும்போதே டிபிஐடி காட்டும், அந்த லாக தினம் வேற மெஷினுக்கு மெயில்ல அனுப்ப வெச்சிட்டா போதும், தேடவே வேண்டாம். ஒரு பேப்பர்ல எழுதி ஃபைல்ல வெச்சாலும் சரிதான், யாரும் சிரிக்க மாட்டாங்க.

ஒரே ஒரு விஷயத்துல உங்க கன்சல்டன்ட் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆடிட்டர் மார்ச் 31 பேக்கப்ப நிரந்தரமா வெக்கச் சொன்னா, கீப் ஃபாரெவர் ஆப்ஷனுக்கு கேட்டலாக் கட்டாயம். கண்ட்ரோல் ஃபைல் பராமீட்டர் அதிகபட்சம் 365 நாள்தான் போகும். அப்படி வந்தா தனி மெஷின்ல ஒரு சின்ன டேட்டாபேஸ் போட்டு அங்க வைங்க. அதுல கேட்டலாக் மட்டும் இருந்து, அதுல சேத்திருக்கற டேட்டாபேஸுக்கெல்லாம் லைசென்ஸ் சரியா இருந்தா இதுக்குன்னு தனி லைசென்ஸ் வாங்க வேண்டாம், அந்த செலவு பயம் வேண்டாம்.

கேள்வி: கேட்டலாக் டேட்டாபேஸ் கெட்டுப்போச்சுன்னா மத்த டேட்டாபேஸோட பேக்கப்பெல்லாம் வீணா?
- இன்னொரு வாசகர், திருச்சி

பதில்: இல்லைங்க. புது கேட்டலாக் உருவாக்கி ஒவ்வொரு டேட்டாபேஸா ரெஜிஸ்டர் பண்ணா கண்ட்ரோல் ஃபைல்ல இருக்கறதெல்லாம் தானா ஏறிடும். அதுல இல்லாத பழைய ஃபைல் டிஸ்க்ல கிடந்தா, ஆர்மேன்ல கேட்டலாக் ஸ்டார்ட் வித்ங்கற கமாண்ட் போட்டு அந்த ஃபோல்டர காட்டுங்க, சேத்துக்கும். கேட்டலாக்ல சேவ் பண்ணி வெச்ச ஸ்கிரிப்ட், அதாவது கமாண்ட் தொகுப்புதான் திரும்ப வராது, அதனால கேட்டலாக்குக்கும் தினம் ஒரு பேக்கப் எடுங்க, அந்த பேக்கப்போட கணக்கு மட்டும் அதோட சொந்த கண்ட்ரோல் ஃபைல்லயே இருக்கட்டும்.