ஆயாவின் பெட்டியில் ஒரு படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மதுரையிலிருந்து வந்த என் மனைவி எழுதித் தருகிறாள்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் கல்யாணம், காவடி, பிறந்தநாள் எல்லாம் படம் எடுக்கிறவன். சில மாதங்களாக நீங்கள் புகைப்படப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறீர்கள். கடைசியாகக் காட்டிய புத்தகத்தில் பாதிப் படங்கள் மங்கல், மீதி இருட்டு. ஒரு கல்யாண வீட்டுக்கு இப்படி எடுத்துக் கொடுத்தால் எனக்குப் பாக்கிப் பணம் வராது. இதில் கலை எங்கே இருக்கிறது? இதற்கு இவ்வளவு விலையா? இந்தப் புத்தகங்களில் நம் ஆட்கள் ஏன் இல்லை?

இன்னொன்று. எங்கள் ஆயா போன வருஷம் இறந்துவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு குடும்பப் படம் கிடைத்தது. டர்பன் கேட்டோ மேனரில் பழைய வீட்டு வாசலில் எடுத்தது. எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் முகம் இல்லை, பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஏதோ சண்டையில் கோபமாக வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்போது கம்ப்யூட்டரில் அந்த ஓட்டைக்குப் பொருத்தமாக ஒரு முகத்தை உண்டாக்கி வைத்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. வருஷத் திதிக்குள் பெரிதாகப் பிரேம் போட்டு மாட்ட ஆசை. செய்யலாமா?

கே., ஃபீனிக்ஸ்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். செய்யாதீர்கள். திதிக்கு ஆயாவின் தனிப்படம் ஒன்றை மாட்டுங்கள், இந்தப் படத்தை அப்படியே விடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். புகைப்படக்காரர் லிண்டோகுஹ்லே சோபெக்வா 1995இல் பிறந்தவர், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் காட்லெஹாங்கைச் சேர்ந்தவர். அவருடைய 'ஐ கேரி ஹெர் ஃபோட்டோ வித் மீ' 2024இல் வந்தது. 'அவள் படத்தை நான் கூடவே வைத்திருக்கிறேன்' என்று தலைப்பு. அவருக்கு ஏழு வயதில் அக்கா ஸியாண்டா காணாமல் போனார். அதே நாளில்தான் சோபெக்வா கார் மோதி அடிபட்டுக் கிடந்தார். பத்து வருஷம் போல கழித்து அக்கா நோயாளியாகத் திரும்பி வந்தார். படம் எடுக்கப் பழகியிருந்த தம்பி ஒரு நாள் கேமராவைத் தூக்க, அக்கா கடுமையாகத் தடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் இறந்தும் போனார். மிஞ்சியது ஒரு குடும்பப் படம். அதில் அக்காவின் முகம் இருக்க வேண்டிய இடம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

ஆமாம், உங்கள் வீட்டுப் படம் போலவேதான். நீங்கள் இந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை என்று தெரியும், அதனால்தான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

சோபெக்வா அந்த ஓட்டையை நிரப்பவில்லை. அக்கா நடந்திருக்கக்கூடிய தெருக்கள், தங்கியிருந்த விடுதி, அவரைத் தெரிந்தவர்கள் என்று தேடித் தேடி எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டுவது போலப் படங்களை ஒட்டி, பக்கத்தில் கையால் எழுதி வைத்தார். அந்த நோட்டுதான் பிற்பாடு அச்சில் வந்தது. 2025இல் லண்டனில் வழங்கும் டாய்ச்ச போர்ஸ் புகைப்பட விருதும் அதற்குக் கிடைத்தது. நீங்கள் சொல்லும் மங்கலும் இருட்டும் அதில் நிறைய உண்டு. ஆளே இல்லாத ஒரு அறையைப் பார்க்கிறோம். பத்துப் பக்கம் முன்னால் அந்த வெட்டப்பட்ட படத்தைப் பார்த்திருந்தால் அறை வேறு மாதிரி தெரிகிறது. தனியாக எடுத்து உங்கள் ஸ்டூடியோ சுவரில் மாட்டினால் அது வெறும் அறைதான்.

இது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்துக்கு முந்தின பக்கத்தில் எதை வைப்பீர்கள்? மணப்பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கிற படம் சற்று ஆடியிருந்தாலும் அதைத் தூக்கிப் போட மனம் வருமா? வராது. பக்கம் புரட்டும்போது என்ன நடக்கிறது என்பதுதான் புத்தகக்காரர்களுக்கும் கவலை.

மங்கலைப் பற்றி இன்னும் கொஞ்சம். டேவிட் கோல்ட்பிளாட்டைத் தெரிந்திருக்கும், 2018இல் காலமானார், ஜோஹன்னஸ்பர்க்கில் புகைப்படப் பள்ளியான மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய குவாண்டெபெலேயிலிருந்து பிரிட்டோரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களோடு, விடியற்காலை மூன்று மணிக்கும் முன்பே கிளம்புகிற பஸ்ஸில் அவரும் ஏறிப் போனார். கறுப்பர்கள் நகரத்தில் குடியிருக்கக் கூடாது, வேலை மட்டும் நகரத்தில்தான் என்ற காலம். சிலருக்குப் போகவர ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. உட்கார்ந்தபடியும் நின்றபடியும் தூங்குகிறார்கள். பஸ் குலுங்குகிறது, உள்ளே இருப்பது மங்கல் விளக்கு. படம் ஆடத்தான் செய்யும். 1989இல் அது புத்தகமாக வந்தது. அதே கோல்ட்பிளாட் சுரங்கங்களையும் வெள்ளைக்கார ஊர்களையும் ஊசி முனை அளவு விவரம்கூட விடாமல் கூர்மையாக எடுத்தவர். மங்கலாக எடுத்தது கை வராததால் அல்ல.

எர்னஸ்ட் கோல் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் சுரங்கத்துக்குள் கேமராவைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு போனவர். அப்படி எடுத்த படம் நேராக நிற்கவில்லை என்று யார் குறை சொல்வது! அவருடைய 'ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்' 1967இல் நியூயார்க்கில் வெளிவந்தது, இங்கே தடை செய்தார்கள். அவர் நாட்டுக்குத் திரும்பாமலே 1990இல் இறந்தார். 2017இல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து அவருடைய நெகட்டிவ்கள் ஏறக்குறைய 60,000 வெளிவந்தன. 2022இல் புத்தகம் மறுபடி அச்சானது. வாங்குவதானால் முதலில் அதை வாங்குங்கள்.

அதற்காக எல்லா மங்கலும் கலை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு வருகிற புது புத்தகங்களில் பாதி, நல்ல காகிதம், துணி அட்டை, நடுவில் ஒன்றுமில்லை. அவற்றைப் பற்றி எழுதாமல் விடுகிறேன், அவ்வளவுதான்.

விலை அதிகம்தான். குறைந்த பிரதிகள், பெரும்பாலும் வெளிநாட்டில் அச்சு, மேலே கப்பல் கூலி. கடன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒரு உறவுக்காரர் வாங்கிப் போன புத்தகம் பன்னி சௌ, அதுதான் ரொட்டிக்குள் ஊற்றித் தருகிற குழம்பு, அந்த வாசனையோடு திரும்பி வந்தது.

சரி, உங்கள் ஓட்டைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் செய்வதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. லெபோஹாங் கான்யே என்ற புகைப்படக் கலைஞர் செய்ததைப் பாருங்கள். அம்மா இறந்த பிறகு அவருடைய பழைய படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அதே உடுப்புகளைத் தானே உடுத்தி, அதே இடங்களில் அதே மாதிரி நின்று படம் எடுத்தார். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார். 'கே லெஃபா லாகா' என்ற தொடர், 2013இல் செய்தது. செசோத்தோ மொழியில் 'என் சொத்து' என்று அர்த்தம். முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி, பின்னால் இருக்கிற சுவர் தெரியும்படி நிற்கிறாள். பார்க்கிற யாரும் ஏமாற மாட்டார்கள். நீங்கள் செய்ய நினைப்பதில் எல்லோரும் ஏமாறுவார்கள், முப்பது வருஷம் கழித்து உங்கள் பேரனும் சேர்த்து. இல்லாத ஒருவருடைய முகத்துக்கு அவன் சூடம் காட்டுவான்.

அப்புறம், கோபத்தில் வெட்டினார்கள் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அந்தக் காலத்தில் ஒருவருக்கு இருந்ததே ஒரு படம்தான், அதுவும் கூட்டப் படம். அவர் இறந்துவிட்டால் மாலை போடத் தனிப்படம் வேண்டும். முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக வரைந்து தரச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுப்பார்கள். லாக்கெட்டில் வைக்கவும் வெட்டியிருக்கிறார்கள். கோபத்தில் வெட்டுகிறவர் வட்டம் பார்த்து வெட்டுவாரா? கிழிப்பார், கீறுவார். நீங்களே வட்டமாக என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊகமும் தப்பாக இருக்கலாம், ஆனால் ஓட்டையை மூடிவிட்டால் இரண்டு ஊகத்துக்கும் இடம் இல்லை.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அந்த வாசல். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் கேட்டோ மேனரில் நம் வீடுகளைக் காலி செய்ய வைத்தது. ஜனங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள், பிற்பாடு உங்கள் ஃபீனிக்ஸுக்கும் வந்தார்கள். கோயில்கள் அங்கேயே நின்றுவிட்டன. வீடு, வாசல் திண்ணை பெரும்பாலும் மிஞ்சவில்லை. அந்த எட்டுப் பேருக்குப் பின்னால் தெரிகிற கதவும் ஜன்னலும் வேறு எங்கேயும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டர் முகத்தைச் சரிசெய்கிற சாக்கில் அந்தச் சுவரையும் வழவழப்பாக்கிவிடும்.

நம் ஆட்கள் ஏன் இல்லை என்கிறீர்கள். இருக்கிறார்கள், நாம் வாங்கவில்லை. ஜி. ஆர். நாயுடுவும் ரஞ்சித் காலியும் டர்பனிலிருந்து 'ட்ரம்' பத்திரிகைக்குப் படம் எடுத்தவர்கள். காலி செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பழைய சாமான் விற்பனையில் வாங்கிய கேமராவில்தான் கற்றுக்கொண்டார். ஐம்பதுகளில் அந்தப் பத்திரிகையில் வந்த இந்தியர்களின் படங்களை ரியாசன் நாயுடு தொகுத்து 2008இல் புத்தகமாகப் போட்டார். அதில் பாட்டுக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ரவுடிகள் எல்லோரும் உண்டு, நீங்கள் ஒரே இரவில் புரட்டி முடிப்பீர்கள். ஓமர் பட்ஷா 1979இல் பிள்ளைகளின் படங்களை வைத்து, பிறந்த தன் மகளுக்குக் கடிதமாக ஒரு புத்தகம் செய்தார். பிள்ளைகளின் படங்கள்தான், அதையும் தடை செய்தார்கள்! டர்பனில் நம் ஆட்கள் கடை வைத்திருந்த கிரே ஸ்ட்ரீட்டைப் பற்றிய அவருடைய 'இம்பீரியல் கெட்டோ' 2001இல் வந்தது. பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

எங்கிருந்தோ வருகிற கலை என்று நினைக்காதீர்கள். புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி உங்கள் டர்பன்காரர்தான், உம்லாஸியில் பிறந்தவர். 'சோம்ன்யாமா ங்கொன்யாமா' என்ற அவருடைய புத்தகம் 2018இல் வந்தது, எல்லாம் தன்னையே எடுத்த படங்கள். தோலின் கறுப்பை அச்சில் இன்னும் கறுப்பாக ஏற்றியிருக்கிறார். துணிக்கிளிப்பைத் தலையிலும் காதிலும் செருகி எடுத்த ஒரு படத்துக்கு, வீட்டு வேலை செய்தே காலம் கழித்த அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார். இன்னொரு படத்தில் பாத்திரம் தேய்க்கிற நார் கிரீடமாக இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம சிங்க்ல கிடக்கிறதுதானே" என்றார். அதற்குமேல் என்ன விமர்சனம் எழுதுவது? 

இனி வேலை. படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுங்கள், டர்பன் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பசைப் பக்கம் உள்ள ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பல் இடுக்கில் விடும் நூலை அடியில் கொடுத்து மெதுவாக அறுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம், பென்சிலில் ஒரு பெயர்கூட இருக்கலாம். நீங்கள் ஏதாவது குறிப்பதானாலும் பென்சிலில் குறியுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறும்.

பெரியவர்களிடம் வெட்டப்பட்டவரைப் பற்றிக் கேட்காதீர்கள். மற்ற ஏழு பேரைப் பற்றிக் கேளுங்கள். இந்தச் சேலை என்ன நிறம், யார் வாங்கிக் கொடுத்தது, அன்றைக்கு என்ன விசேஷம், படம் எடுத்த ஆளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைக் கேட்டால் வயதானவர்களால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் போனைப் பதிவில் போட்டு வையுங்கள்.

பிறகு எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் முகம் இல்லாதவர் ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. நீங்கள் எழுதச் சொல்லவில்லையா, உங்கள் மனைவி விட்டுவிட்டாரா?