நான்காம் ஆண்டு ஹானர்ஸ் ப்ராஜெக்ட்டை எப்படித் திட்டமிட்டு முடிப்பது? கைடு கண்டுகொள்வதே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்தது மூன்று வருட பி.எஸ்சி. வேதியியல். ஹானர்ஸ் இல்லை. "அப்புறம் நீ எதற்குப் பதில் எழுதுகிறாய்?" என்று கேட்க வருபவர்கள் இந்த வரியிலேயே கேட்டுவிட்டுப் போகலாம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் எங்களுக்கும் உண்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வும் உண்டு. கண்டுகொள்ளாத கைடும் இருந்தார்.

நீங்கள் 2022 டிசம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்த நான்கு வருடத் திட்டத்தில் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 160 கிரெடிட். ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் என்றால் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் 12. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தால்தான் அந்தப் பக்கமே விடுவார்கள். ஆக, படிப்பு வராத ஆள் இல்லை நீங்கள். வருடம் முழுக்க இருக்கிறதே என்ற தைரியம்தான் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும்.

எங்கள் ஊர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். கல்லூரி பெயர் வேண்டாம். எங்கள் துறையில் ப்ராஜெக்ட் என்றாலே யூகலிப்டஸ் தைலம். இலையை வடி, எண்ணெய் எடு, பைண்ட் பண்ணு. பழைய ப்ராஜெக்ட்டுகள் அலமாரியில் வருட வாரியாக இருக்கும். அட்டையின் நிறம் மட்டும் மாறும். எனக்கும் அதையே கொடுத்தார் கைடு. நான் மாட்டேன் என்றேன். திமிர் என்று நினைத்தார்கள், நினைக்கட்டும்.

அப்போது வீட்டில் வேறொரு தலைவலி ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலையில் வெறுத்துப்போய், அப்பா ரோட்டோரத் துண்டு நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டிருந்தார். கேரட் தேறவில்லை. விதை சரியில்லை என்றார் ஒருவர், தண்ணீர் போதாது என்றார் இன்னொருவர், பக்கத்துத் தோட்டத்து மாமா திருஷ்டி என்றே முடித்துவிட்டார். தேயிலை அமில மண்ணை விரும்புகிற செடி, பிஎச் 4.5 முதல் 5.5 வரை அதற்குத் தோது (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). கேரட்டுக்கு 6-க்கு மேல் வேண்டும். வருடக்கணக்காக யூரியாவும் அம்மோனியம் சல்ஃபேட்டும் தின்று அமிலம் ஏறிய மண், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மலை மழைக்குப் பறிகொடுத்த மண், செடியைப் பிடுங்கிய மறுநாளே கேரட்டுக்கு ஏற்றதாக மாறிவிடுமா? தேயிலை நிற்கும் நிலம், பிடுங்கிக் காய்கறி போட்ட நிலம், எப்போதுமே காய்கறிதான் என்ற நிலம், இந்த மூன்றுக்கும் அமிலத்தன்மையில் எவ்வளவு வித்தியாசம்? இவ்வளவுதான் என் கேள்வி. "இது விவசாயக் கல்லூரிக்காரர்கள் வேலையம்மா" என்றார் கைடு. கையெழுத்து மட்டும் போட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

திட்டமிடுவது என்றால் எல்லோரும் அட்டவணை போடச் சொல்வார்கள். நான் போடவில்லை. என் கையில் இல்லாதது என்னென்ன என்றுதான் முதலில் பார்த்தேன். முதலாவது மழை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூனிலேயே கொட்டும். எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை. ஆனால் நடுவில் மட்டும் வெயிலா அடிக்கிறது? மஞ்சு இறங்கினால் வாரக்கணக்கில் துணியே காயாத ஊரில் மண் எப்படிக் காயும்? மண்ணை நிழலில் நன்றாக உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பிறகுதான் அளக்க வேண்டும். அதனால் மண் எடுப்பது ஜனவரியில் என்று ஜூலையிலேயே முடிவு செய்துவிட்டேன். காலையில் உறைபனியில் புல் வெளுத்துக் கிடந்தாலும் பகலில் நல்ல வெயில் இருக்கும். அந்த வறட்சியில் யாரும் உரமும் போட மாட்டார்கள், அதுவும் எனக்கு வசதி.

இரண்டாவது ஆய்வகம். பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊற வேண்டியது. எங்கள் ஆய்வகத்தில் அது காற்றில் ஊறிக்கொண்டிருந்தது. நவம்பரிலேயே மீட்டரைச் சரிபார்க்க 4, 7 என்று பிஎச் முன்பே தெரிந்த பஃபர் மாத்திரைகளைக் கரைத்து வைத்துப் பார்த்தேன், முள் தன் இஷ்டத்துக்கு ஆடியது. புது எலக்ட்ரோடு கேட்டு எழுதிக் கொடுத்து, அது வந்து சேர ஜனவரி ஆகிவிட்டது. மண்ணைக் கொண்டுவந்த பிறகு பார்த்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உங்கள் தலைப்பு காட்டுக்குள் போகிற மாதிரி இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். காப்புக்காட்டில் ஒரு செடியைக் கிள்ளுவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். என் வகுப்புத் தோழி சோலைக் காட்டுப் பாசிகளை எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டாள். அவள் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவளும் யூகலிப்டஸ் தைலம்தான் வடித்தாள்.

"மண்ணில் பிஎச் பார்ப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வது, இதற்குப் போய் ஆய்வா?" என்று சிலருக்குத் தோன்றும். மீட்டரில் எண் பார்ப்பது பள்ளிக்கூட வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். எந்த மண்ணை எடுப்பது என்பது அப்படி இல்லை. மலைச் சரிவில் மேல் மண் கீழே இறங்கிவிடும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒப்பிட்டால் எல்லாம் பொய்யாகிவிடும். எல்லா நிலத்திலும் சரிவின் நடுவில், ஒரே ஆழத்தில் (9 அங்குலம்), சில்வர் ஓக் மரத்தடியையும் வாய்க்கால் ஓரத்தையும் விட்டு எடுத்தேன். பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வைவாவில் "10 கிராம் மண்ணுக்கு ஏன் 25 மில்லி தண்ணீர்?" என்று கேட்டார்கள். தண்ணீர் கூடினால் குறைந்தால் அளவே மாறும், அதனால் எல்லோரும் 1:2.5 என்ற விகிதத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்றேன். பிஎச்சுக்கு ஏன் சராசரி போடவில்லை என்று அடுத்த கேள்வி. அது மடக்கை அளவு, 4-க்கும் 5-க்கும் நடுவில் பத்து மடங்கு இருக்கிறது, அதனால் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எடுத்தேன் என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. முடிவும் நாங்கள் சந்தேகப்பட்டபடியே வந்தது. பிடுங்கிய நிலம் காய்கறி நிலத்தைவிடத் தேயிலை நிலத்துக்குத்தான் கிட்டத்தில் இருந்தது. அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் கல்பொடி போட்டவர்களின் நிலம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் டோலமைட் வாங்கினார், மாமா சொன்ன பூசணிக்காயையும் சேர்த்தே கட்டினார்.

கோயம்புத்தூரில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கி, தங்க எழுத்து அட்டையோடு வந்தவர்களுக்கும் எனக்கும் ஒரே கிரேடு. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பதில் முடியாது.

வைவா அன்றைக்கு நடந்ததையாவது சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல், சீசன் தொடக்கம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் ரோட்டில் பஸ் நகரவில்லை. முன்னால் சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி போட்டோ எடுக்கிறார்கள். கவாத்து முடிந்து துளிர்த்த செடி அது, யாரோ ஒருவரின் ஆறு மாத வருமானம். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, அடுத்த வருடம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. உடனே "சுற்றுலா செத்துவிட்டது" என்று புலம்பல். பரீட்சைக்கும் பிரசவத்துக்கும் அந்த ரோட்டில்தான் போகிறோம் நாங்கள். எங்களுக்காக யாரும் புலம்பிப் பார்த்ததில்லை.

சரி, உங்கள் கைடு விஷயம். அவரைத் திருத்த முயல வேண்டாம், நேரம் வீண். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்துக்கு மிகாமல் மெயில் போடுங்கள்: என்ன செய்தேன், அடுத்து என்ன, உங்களிடமிருந்து எது வேண்டும். கடைசியில் "வெள்ளிக்கிழமைக்குள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இப்படியே தொடர்கிறேன் சார்" என்று மரியாதையாக ஒரு வரி. பதில் வராது. ஆனால் தேதியோடு உங்களிடம் இருக்கும், துறைத் தலைவர் கேட்டால் காட்டலாம். முறை என்கிற அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதி வையுங்கள், மார்ச்சில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பைண்டிங் கடையில் கடைசி வாரம் கூட்டம் தள்ளும், அதற்கு முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள்.