மிடி இசை எங்கே போனது? பழைய கேம் ஒலி குறித்த கேள்வி பதில்கள்

கேள்வி: டாஸ் காலத்து கேம் ஒன்றின் இசை என் விண்டோஸ் கணினியில் பொம்மை கீபோர்டு வாசிப்பது போலக் கேட்கிறது. அதே இசையின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். முழு ஆர்கெஸ்ட்ரா போல இருந்தது. என்னிடம் உள்ள ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்த கேமின் இசை 'மிடி' என்ற வடிவில் இருக்கிறது. மிடி ஃபைலுக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சேனலில், எந்த வாத்தியம், எந்த ஸ்வரத்தை, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். வாசிப்பது உங்கள் கணினியில் உள்ள சிந்தசைசர், அதாவது குறிப்புகளை ஒலியாக மாற்றும் கருவி அல்லது சாஃப்ட்வேர். குறிப்பு ஒன்றுதான், வாசிப்பவர் வேறு.

விண்டோஸில் அந்த வேலையைச் செய்வது 'மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த்'. இசைக்கருவிகள் தயாரிக்கும் ரோலண்ட் நிறுவனத்தின் ஒலிகளைச் சுமார் 3 எம்பிக்குள் சுருக்கி வைத்திருக்கும் இது, 1990களின் கடைசியில் வந்தது. அந்த ஒலித் தொகுப்பு இன்றுவரை புதுப்பிக்கப்படவில்லை. எக்ஸ்பி வரை கண்ட்ரோல் பேனலிலேயே வேறு மிடி கருவியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. விஸ்டாவில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். வேறு கருவி இருந்தும் பழைய கேம்கள் அதைக் கண்டுகொள்ளாததற்கு இதுதான் காரணம்.

மாற்றுவது எளிது. 'விர்ச்சுவல் மிடி சிந்த்' என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவுங்கள். அதில் ஒரு சவுண்ட்ஃபான்ட் ஃபைலை, அதாவது வாத்திய ஒலிகளின் தொகுப்பைச் சேருங்கள். சுமார் 30 எம்பி உள்ள 'ஜெனரல்யூசர் ஜிஎஸ்' நல்ல தொடக்கம். விண்டோஸ் 8 முதல், இதைத் தயாரித்தவர்களே தரும் 'மிடி மேப்பர்' சாஃப்ட்வேரையும் நிறுவி, அதில் இந்த சிந்த்தை இயல்புக் கருவியாகக் குறிக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு 'எந்த மாற்றமும் இல்லை' என்கிறார்கள்.

சவுண்ட்ஃபான்ட் பெரிதாக இருந்தால் இசை நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1990களின் கேம் இசையமைப்பாளர்களில் பலர் ரோலண்ட் எஸ்சி-55 என்ற மிடி கருவியில் கேட்டுக் கேட்டு ஒலியளவுகளைச் சரிசெய்தவர்கள். நூற்றுக்கணக்கான எம்பி உள்ள ஃபான்ட்டில் பியானோ மட்டும் அழகாக ஒலிக்கும். டிரம்ஸ் அமுங்கிப்போகும், அல்லது வயலின் மற்றதையெல்லாம் மூழ்கடிக்கும்.

கேள்வி: டாஸ்பாக்ஸில் (டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் சாஃப்ட்வேர்) ஒரு கேமின் செட்டப்பில் 'ரோலண்ட்' என்று கொடுத்தேன். புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் ஏதோ தாள வாத்தியம் வருகிறது. ஏன்?

பதில்: அந்த ரோலண்ட் என்பது 1987இல் வந்த எம்டி-32 என்ற சிந்தசைசர். 'ஜெனரல் மிடி' தரநிலை வந்தது 1991இல்தான். 128 வாத்தியங்களுக்கு நிலையான எண்கள், தாளத்துக்கு 10ஆம் சேனல் என்ற ஒழுங்கு அப்போதுதான் உறுதியானது. எம்டி-32இன் வாத்திய வரிசை முற்றிலும் வேறு. அதோடு, கேம் தொடங்கும்போதே 'சிஸ்எக்ஸ்' செய்திகள் (குறிப்பிட்ட கருவிக்கு மட்டுமே புரியும் கட்டளைகள்) மூலம் தன் சொந்த ஒலிகளை அந்தக் கருவிக்குள் ஏற்றும். ஜெனரல் மிடி சிந்த்துக்கு அந்தச் செய்திகள் புரியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு, வாத்திய எண்ணை மட்டும் தன் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். புல்லாங்குழல் தாளமாவது இப்படித்தான்.

கேம் எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பொதுவாக 1991 வரை வந்தவற்றுக்கு எம்டி-32, 1993க்குப் பின் வந்தவற்றுக்கு ஜெனரல் மிடி. இடைப்பட்டவற்றில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

எம்டி-32 தேவையென்றால் 'மண்ட்' என்ற எமுலேட்டர், அதாவது அந்தக் கருவியைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது. 'டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்' பதிப்பில் அது உள்ளேயே உண்டு. மிடி கருவியாக எம்டி-32ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அசல் கருவியின் நினைவகத்திலிருந்து எடுத்த கண்ட்ரோல் ரோம், பிசிஎம் ரோம் என்ற இரண்டு ஃபைல்கள் இல்லாமல் அது இயங்காது. அவற்றின் உரிமை ரோலண்டுடையது என்பதால் எமுலேட்டருடன் சேர்த்துத் தரமாட்டார்கள்.

அசல் கருவியை யூஎஸ்பி மிடி கேபிளில் இணைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மலிவான கேபிள்கள் நீளமான சிஸ்எக்ஸ் செய்திகளைப் பாதியில் விழுங்கிவிடும். இசை வரும், வாத்தியங்கள் தப்பாக இருக்கும். இரண்டாவது, எம்டி-32இன் முதல் மாடல்கள் செய்திகளை மெதுவாகத்தான் உள்வாங்கும். அன்றைய கணினிகளின் வேகக் குறைவே தேவையான இடைவெளியைக் கொடுத்தது. இன்றைய வேகத்தில் அனுப்பினால் கருவியின் திரையில் பஃபர் (செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பிவிட்டதாகப் பிழை காட்டி நின்றுவிடும். டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கின் மிடி அமைப்பில் 'டிலே சிஸ்எக்ஸ்' என்று சேர்த்தால் சரியாகும்.

கேள்வி: இவ்வளவு பரவலாக இருந்த மிடியை கேம் நிறுவனங்கள் ஏன் கைவிட்டன?

பதில்: தரக்குறைவுதான் காரணம் என்று பலர் சொல்வதை நாம் ஏற்பதில்லை. நல்ல கருவியில் மிடி இன்றும் அற்புதமாக ஒலிக்கும். சிக்கல், கேட்பவரிடம் என்ன இருக்கிறது என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாததுதான். ஒருவரிடம் அட்லிப் கார்டு: யமஹாவின் ஓபிஎல்2 சிப், ஒரே நேரத்தில் ஒன்பது செயற்கை ஒலிகள் (எஃப்எம் குரல்கள்). இன்னொருவரிடம் எஸ்சி-55. மூன்றாமவரிடம் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற சவுண்ட் கார்டு. ஒரே பாட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சிடி வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்தது. சிடி தரத்தில் ஒரு நிமிட இசைக்கு 10 எம்பி பிடிக்கும். ஒரு பாட்டின் மிடிக்குச் சில பத்து கேபி போதும். ஆனாலும் 650 எம்பி வட்டில் இடம் தாராளம், ஸ்டுடியோவில் கேட்டது அப்படியே வீட்டிலும் கேட்கும். பிறகு எம்பி3 வந்து அளவையும் குறைத்தது. 1997இல் இன்டெல் கொண்டுவந்த ஏசி'97 தரநிலையால் சவுண்ட் மதர்போர்டுக்கே போனது. அதில் சிந்தசைசருக்கு இடமே இல்லை.

இந்த மாற்றத்தில் நாம் இழந்தது பெரிது. லூகாஸ்ஆர்ட்ஸின் 1991ஆம் ஆண்டு ஐமியூஸ் முறையில், நீங்கள் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும்போதே இசை தடங்கலின்றி உருமாறும். குறிப்புகளாக இருந்ததால்தான் அது முடிந்தது. பதிவுசெய்த இசையில் அதைச் செய்ய, பல அடுக்குகளாகப் பதிந்து ஏற்றி இறக்க வேண்டும். அதுவும் முன்பே பதிந்ததற்குள் மட்டுமே.

கேள்வி: 2000களின் தொடக்கத்தில் வந்த கேம்களில் இஏஎக்ஸ் (கிரியேட்டிவ் நிறுவனத்தின் ஒலி விளைவு நுட்பம்) எதிரொலி இருந்தது. இப்போது அந்த ஆப்ஷனே மங்கிக் கிடக்கிறது.

பதில்: விஸ்டாவில் ஒலி அமைப்பை முழுவதும் திருத்தி எழுதியபோது, விண்டோஸின் ஒலி இடைமுகமான டைரக்ட்சவுண்ட் வழியாக சவுண்ட் கார்டை நேரடியாக அணுகும் பாதை மூடப்பட்டது. ஓபன்ஏஎல் என்ற மாற்று இடைமுகத்தின் பாதை மட்டும் தப்பியது. கிரியேட்டிவ் கார்டு இருந்தால் அந்நிறுவனத்தின் 'ஆல்கெமி' உதவும். மற்ற எல்லாருக்கும் 'டிஎஸ்ஓஏஎல்': அதன் டிஎல்எல் ஃபைல்களை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டால், டைரக்ட்சவுண்ட் அழைப்புகள் ஓபன்ஏஎல்லாக மாறும். போட்டும் மாற்றமில்லை என்றால், கேம் ரெஜிஸ்ட்ரி வழியாக சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்லையே எடுக்கிறது என்று பொருள். விண்டோஸ் 8 முதல் இது நடக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் மாற்றுப் பதிவு சேர்க்க வேண்டும்.

கேள்வி: அசல் டாஸ் கணினி ஒன்றை உருவாக்குகிறேன். பிசிஐ சவுண்ட் கார்டு போதுமா?

பதில்: போதாது, பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ இணைப்பில் பொருந்தும் கார்டே வாங்குங்கள். டாஸ் கேம்கள் ஐஎஸ்ஏவின் டிஎம்ஏ சேனலிடம் (ப்ராசசரின் உதவியின்றி தரவை நகர்த்தும் வழி) நேரடியாகப் பேசுபவை. பிசிஐ கார்டுகள் அதை டிரைவர் மூலம் நடிக்க முயலும். பல கேம்களில் ஒலி வராது அல்லது கணினி உறைந்துவிடும். வழக்கமான அமைப்பு: முகவரி 220, ஐஆர்க்யூ (கார்டு ப்ராசசரை அழைக்கும் தடத்தின் எண்) 5, டிஎம்ஏ 1, மிடி முகவரி 330. பிரின்டர் போர்ட் ஐஆர்க்யூ 7ஐப் பிடித்திருக்கும், அதைத் தவிருங்கள். எம்டி-32ஐயும் இணைப்பதாக இருந்தால், பழைய கேம்கள் சில ரோலண்டின் மிடி இணைப்பான எம்பியூ-401இன் 'இன்டெலிஜென்ட்' முறையைக் கேட்கும். சவுண்ட் பிளாஸ்டரில் எளிய 'யூவார்ட்' முறை மட்டுமே உண்டு. டாஸின் நினைவக மேலாளரான இஎம்எம்386ஐ ஏற்றிவிட்டு, அதன்பின் இன்டெலிஜென்ட் முறையைப் போல நடிக்கும் 'சாஃப்ட்எம்பியூ'வை இயக்கி, கடைசியாக கேமைத் தொடங்குங்கள்.