கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ்: கேள்வி பதில்

கேள்வி: மகள் கிரிமினல் ஜஸ்டிஸ் (போலீஸ், நீதிமன்றம், சிறை பற்றிய படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷக் கல்லூரி) பட்டியலில் அந்தப் பெயரையே காணோமே மேடம்?

பதில்: இங்கே பெரும்பாலும் "அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்" என்ற பெயரில் இருக்கும். அதில் "அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்" என்று போட்டிருப்பதை, அதாவது பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் இரண்டு வருஷப் பட்டத்தை, எடுக்கச் சொல்லுங்கள். 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்தால், பல கேம்பஸ்கள் கொண்ட கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. மீதி 60 யூனிட்டை அங்கே படித்துப் பட்டம் வாங்கிவிடலாம். அவள் கேட்கிற கேம்பஸே கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அந்த உறுதி மொத்த அமைப்புக்குத்தான். மேஜர் (முதன்மைத் துறை) பாடம் ஒவ்வொன்றிலும் சி கிரேடாவது வேண்டும். புலனாய்வு, தடயவியல் என்று ருசியான பாடங்களை முதலில் முடித்துவிட்டு, ஆங்கிலத்தையும் ஸ்டாடிஸ்டிக்ஸையும் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் டிரான்ஸ்ஃபர் சமயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இரண்டையும் முதல் வருஷத்திலேயே முடிப்பது நல்லது.

கேள்வி: செலவு?

பதில்: மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 60 யூனிட்டுக்கு 2,760. புத்தகமும் மற்றச் சில்லறைக் கட்டணங்களும் தனி. வருமானம் குறைவு என்றால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற மாநில உதவிக்கு விண்ணப்பியுங்கள், யூனிட் கட்டணம் தள்ளுபடியாகும்.

கேள்வி: தம்பி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து இதைப் படித்தால் போலீஸில் சேர முடியுமா?

பதில்: அந்த எண்ணத்தோடு அனுப்பாதீர்கள். 2023 முதல் கலிபோர்னியாவில் போலீஸ் வேலைக்குக் குடியுரிமை கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசின் வேலை அனுமதி வேண்டும். எஃப்-1 என்பது படிக்க வந்த விசா. படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி 12 மாதம்தான், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் ஸ்டெம் நீட்டிப்பும் கிரிமினல் ஜஸ்டிஸுக்கு இல்லை. கட்டணமும் வெளிமாநிலத்தார் கணக்கில் பல மடங்கு.

கேள்வி: குடியுரிமை இருக்கிறது, டிகிரியும் முடியப் போகிறது. அடுத்தது நேரே போலீஸ் வேலையா?

பதில்: இல்லை, போலீஸ் அகாடமி தனிப் பயிற்சி. மாநிலம் வைத்திருக்கும் குறைந்தபட்சமே 664 மணி நேரம், பல அகாடமிகளில் அதைவிட அதிகம். வேலையில் சேர வயது 21 ஆகியிருக்க வேண்டும். பின்னணி விசாரணைப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பழைய சின்னத் தப்பை ஒப்புக்கொண்டால் பேச இடமிருக்கும், பொய் வெளிப்பட்டால் கதை அதோடு முடிந்தது.

கேள்வி: ரிப்போர்ட் ரைட்டிங்கில் (போலீஸ் அறிக்கை எழுதும் பாடம்) மட்டும் மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது அக்கா. என் ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கும்.

பதில்: அந்த நல்ல ஆங்கிலமே காலை வாரலாம். நம்மூர்ப் பள்ளிகளில் செயப்பாட்டு வினையில் எழுதினால்தான் கௌரவம். இங்கே "கத்தி கண்டெடுக்கப்பட்டது" என்று எழுதினால் மார்க் போய்விடும். எடுத்தது யார், எங்கிருந்து, பிறகு யாரிடம் கொடுத்தார்? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவது இதைத்தான். "ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் நான் ஒரு கத்தியைப் பார்த்தேன், அதை எடுத்து உறையிலிட்டு முத்திரை வைத்தேன்" என்று தன்மையில், இறந்தகாலத்தில், நடந்த வரிசைப்படி எழுதுங்கள். முடிவைச் சொல்லாமல் கண்டதைச் சொல்ல வேண்டும். "பதற்றமாக இருந்தார்" என்பது உங்கள் முடிவு. கை நடுங்கியது, பெயரைக் கேட்டதும் இரண்டு முறை பின்கதவைத் திரும்பிப் பார்த்தார் என்பவை கண்டவை. எழுதியதும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தொட்டு "யார்?" என்று கேளுங்கள். பதில் அந்த வாக்கியத்திலேயே இல்லையென்றால் அதைத் திருத்துங்கள்.

கேள்வி: கேஸ் ப்ரீஃப் (ஒரு வழக்கின் சுருக்கம்) எழுதும்போது தீர்ப்பையும் காரணத்தையும் குழப்பிக்கொள்கிறேன்.

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1968-இல் தீர்ப்பான டெர்ரி எதிர் ஒஹையோ வழக்கையே பாருங்கள். ஒரு கடையின் ஜன்னலை மாறி மாறி வந்து நோட்டம் விட்டவர்களை கிளீவ்லாந்து போலீஸ்காரர் நிறுத்தி, உடைக்கு மேலாகத் தடவிப் பார்த்தார், துப்பாக்கி இருந்தது. இது சங்கதி. கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாதபோது இப்படிச் செய்யலாமா என்பது கேள்வி. குற்றம் நடக்கப்போகிறது, ஆள் ஆயுதத்தோடு ஆபத்தானவராகவும் இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் செய்யலாம் என்பது தீர்ப்பு. போலீஸ்காரரின் உயிர்ப் பாதுகாப்பு காரணம். "சோதனை போடலாம்" என்று மொட்டையாக எழுதினால் தப்பு. நீதிமன்றம் அனுமதித்தது ஆயுதத்துக்காக வெளியுடையைத் தடவிப் பார்ப்பதை மட்டும்தான்.